காணாமல் போகாத 576 சவர்க்காரங்கள்

வாசகர் கேள்வி – பதில்: கடை, களஞ்சியம், கையிருப்பு

களஞ்சியப் பராமரிப்பைப் பற்றி வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் அறிவித்திருந்தார். வந்த கடிதங்களை விறாந்தையில் வைத்துக்கொண்டு மூன்று மாலைகள் படித்தேன். மட்டக்களப்பு நகரின் மொத்த வியாபாரக் கடைகளில் பேரேடு எழுதுபவளாகத் தொடங்கி, களஞ்சியக் காப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். மொத்தம் முப்பத்தொரு ஆண்டுகள். எல்லாக் கடிதங்களுக்கும் இங்கே இடமில்லை. முதல் கேள்வியை மட்டும் ஏழு பேர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள், அதனால் அதற்கு நீளமாகவே எழுதுகிறேன்.

கேள்வி (காத்தான்குடியிலிருந்து ஒரு மொத்த வியாபாரி): அக்கா, பலசரக்கும் வீட்டுப் பாவனைப் பொருட்களும் மொத்தமாக விற்கிறோம். கடைக்குப் பின்னால் களஞ்சியம். மூன்று பையன்கள் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் முடிவில் எண்ணினால் புத்தகத்தில் உள்ளதைவிடச் சாமான் குறைகிறது. யாரோ எடுக்கிறார்கள் என்றுதான் மனம் சொல்கிறது. உள்ளே நான்கு கமரா பூட்டலாமா, அல்லது பையன்களை மாற்றிவிடலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுத என்னால் முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம். கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கிட்டங்கி. முன்னால், கண்ணாடித் தடுப்புக்குள் எனக்கு ஒரு மேசை. விநியோகத்தரின் லொறி வந்தால் களஞ்சியப் பையன் பெட்டிகளை எண்ணி இறக்குவான். சிட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பான். நான் பேரேட்டில் பதிவேன். அவன் பேரேட்டைப் பார்த்ததில்லை, நான் பெட்டியைப் பார்த்ததில்லை. சவர்க்காரம் பெட்டிக்கு 72 என்பது எனக்கு மனப்பாடம். ஒரு முறை 24 பெட்டிகள் வந்தன. 24ஐ 72ஆல் பெருக்கி 1,728 என்று எழுதினேன். ஆண்டு முடிவில் எண்ணியபோது பேரேட்டில் 576 சவர்க்காரங்கள் மிச்சம் இருந்தன. இறாக்கையில் ஒன்றுகூட இல்லை.

சாவி அந்தப் பையனிடம்தான் இருந்தது. முதலாளி சத்தம்கூடப் போடவில்லை. சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். பையன் படியிறங்கும்போது என் மேசைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். நான் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, வரிக் கணக்குக்காகப் பழைய சிட்டைக் கட்டை அவிழ்த்தபோது அந்தச் சிட்டை என் கைக்கு வந்தது. சவர்க்காரத்தின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 48 என்று இருந்தது. உற்பத்தியாளர் பெட்டியைச் சிறிதாக்கியிருக்கிறார். 24 பெட்டிக்கு 48 வீதம் 1,152. நான் எழுதியது 1,728. வித்தியாசம் 576. அந்தச் சவர்க்காரங்கள் காணாமல் போகவில்லை, அவை வரவே இல்லை. 72 என்று பெருக்கிய கை என்னுடையது.

முதலாளியிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லடிப் பாலத்துக்கு அப்பால் இருந்த பையனின் வீட்டைத் தேடிப் போனேன். அவன் கட்டாருக்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவன் அம்மாவிடம் சிட்டையின் பிரதியைக் கொடுத்து, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். அதைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, தம்பி, யாரையும் சந்தேகிப்பதற்கு முன்னால் உங்கள் தாள்களைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை வையுங்கள். அந்த அட்டை கடையில் அல்ல, பொருள் இருக்கும் இறாக்கையிலேயே தொங்க வேண்டும். அதன் தலைப்பில் எந்த அலகில் எண்ணுகிறீர்கள் என்பதை எழுதுங்கள்: துண்டா, டசினா, பெட்டியா. பெட்டிக்கு எத்தனை என்பதும் அங்கேயே இருக்கட்டும். பெட்டியின் அளவு மாறினால் பழைய அட்டையில் கோடு இழுத்து மூடிவிட்டுப் புதிய அட்டை தொடங்குங்கள். அட்டையில் ஆறு கட்டங்கள் போதும்: திகதி, சிட்டை இலக்கம், வரவு, செலவு, மீதி, கையொப்பம். பொருளைத் தொடும் கை அப்போதே அட்டையையும் தொட வேண்டும். மாலையில் சேர்த்து எழுதலாம் என்று விட்ட அட்டை பொய் சொல்லத் தொடங்கிவிடும். கடைக்குள் பேரேடு எழுதுபவர் வேறு ஆளாக இருக்கட்டும். ஆனால் வாரத்தில் ஒரு நாள் அவர் எழுந்து களஞ்சியத்துக்குள் நடந்து, பெட்டிகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். நான் அன்று செய்யாதது அதைத்தான்.

அடுத்தது முகவரி. ஊரில் வீட்டுக்கு வீதியும் இலக்கமும் இருப்பதுபோல் களஞ்சியத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். வரிசைக்கு ஓர் எழுத்து, இறாக்கைக்கு ஓர் எண், கீழிருந்து எத்தனையாவது தட்டு என்பதற்கு ஓர் எண். ‘ஆ-3-2’ என்றால் ஆ வரிசை, மூன்றாம் இறாக்கை, இரண்டாம் தட்டு. இதைத் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் யாரையும் கேட்காமல் போய் எடுக்க வேண்டும். ஒரே பொருள் மூன்று மூலைகளில் கிடந்தால் எண்ணும்போது ஒரு மூலை நிச்சயம் மறக்கப்படும். நுளம்புச் சுருள் பெட்டிகள் இரண்டு, உடைந்த தராசுக்குப் பின்னால் இரண்டு வருடம் இருந்ததை நானே கண்டெடுத்திருக்கிறேன். அவையும் ‘களவு போன’ கணக்கில்தான் இருந்தன.

வாசலுக்கு உள்ளே தரையில் மஞ்சள் பூச்சால் ஒரு சதுரம் வரையுங்கள். லொறியிலிருந்து இறங்கும் எதுவும் எண்ணி, சிட்டையோடு ஒப்பிட்டு, ஒப்பமிடும் வரை அந்தச் சதுரத்தைத் தாண்டக் கூடாது. நசுங்கியது, நனைந்தது, குறைந்தது எல்லாவற்றையும் சாரதி நிற்கும்போதே அவருடைய சிட்டையிலும் உங்கள் பிரதியிலும் எழுதிக்கொள்ளுங்கள். அவசரமாக ஒப்பம் வாங்கிக்கொண்டு போகும் சாரதிகள் இருப்பார்கள். ஒரு தேநீர் கொடுத்து உட்கார வையுங்கள். கடைகளிலிருந்து திரும்பி வருவதற்கும் பழுதானதற்கும் தனி மூலை, தனிக் கொப்பி.

ஒன்றைச் சொன்னால் கோபிக்கக் கூடாது. முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போகும் பால்மா பக்கெட்டுக்கும், பெருநாளுக்கு உறவினருக்குக் கொடுக்கும் பிஸ்கட் பெட்டிக்கும் சிட்டை வேண்டும். உங்களுடைய பொருள்தான், உரிமையும் உங்களுடையதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஜனவரியில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பையன்கள்.

டிசம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம். 1951இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்ட் டிக்கி என்பவர், கையிருப்பை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் முறையை எழுதினார். பெரும்பாலான கடைகளில் ஐந்தில் ஒரு பங்கு வகைகளில்தான் ஐந்தில் நான்கு பங்கு பணம் கிடக்கும். உங்களுக்கு அது பால்மா, பருப்பு, எண்ணெய், சலவைத்தூளாக இருக்கும். அவை ‘ஏ’. அவற்றை வாரம் ஒரு முறை எண்ணுங்கள். நடுத்தரமானவற்றை மாதம் ஒரு முறை. ஊசி, நூல், மெழுகுதிரி வகைகளை வருடத்தில் இரண்டு முறை எண்ணினால் போதும். ஒரு காலையில் பத்து அட்டை என்று வைத்தால் அரை மணித்தியாலம்கூட ஆகாது. எண்ணும் நேரத்தில் அந்தப் பொருள் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது. எண்ணுபவரிடம் புத்தகத்தில் எத்தனை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லவும் கூடாது. சொன்னால் கண் அந்த எண்ணைத்தான் பார்க்கும். பணம் வாங்கிவிட்டு இன்னும் அனுப்பாத சாமான் மஞ்சள் சதுரத்தில் கிடந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள். ஆண்டு முடிவுக் கணக்குகளில் பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

இதையெல்லாம் செய்து மூன்று மாதம் கழித்தும் குறைந்தால், எந்தப் பொருள், எந்த வாரம், யாருடைய ஒப்பத்துக்குப் பிறகு என்பது உங்கள் கையில் இருக்கும். களவே நடக்காது என்று நான் சொல்லவில்லை, கண்டிருக்கிறேன். அப்போது கமராவும் பூட்டுங்கள், பேசவும் பேசுங்கள். கமரா கையைப் பார்க்கும். சிட்டையின் ஓரத்தில் இருக்கும் 48ஐ அது பார்க்காது.

கேள்வி (சம்மாந்துறையிலிருந்து ஓர் அரிசி ஆலை உரிமையாளர்): அரிசியை 25 கிலோ பைகளில் கட்டி அடுக்குகிறோம். இரண்டு மாதத்தில் வண்டு வந்துவிடுகிறது. மாரியில் அடிவரிசைப் பைகளில் பூஞ்சணம். புதிய களஞ்சியம் கட்டினால் சரியாகுமா?

பதில்: புதிய கட்டடத்துக்கும் பழைய சாக்கையே கொண்டுபோனால் வண்டும் கூடவே குடியேறும், ஐயா. அரிசி வண்டின் பெண், தானியத்தில் சிறு துளையிட்டு அதற்குள் முட்டை வைத்து, துளையை மூடிவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, எங்கள் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். அதனால் கையில் அள்ளும்போது சுத்தமாகத் தெரியும் அரிசிக்குள்ளும் அது இருக்கலாம். வண்டைக் கண்ட நாளில் அது வந்தது என்று நினைக்காதீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் களஞ்சியம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். மூலையில் சிந்திய அரிசி, கழுவாத சாக்கு, பக்கத்து அறையில் குவித்த தவிடு இவைதான் அதன் பிறந்த வீடு. தவிட்டை வேறு கூரைக்குக் கீழே மாற்றுங்கள். புது அடுக்கு ஏறுவதற்கு முன் தரை, சுவர், இறாக்கையின் இடுக்கு எல்லாவற்றையும் கூட்டி அள்ளி வெளியே அனுப்புங்கள்.

நெல்லை வாங்கும்போதே ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பல்லில் கடித்துப் பார்த்தே சொல்லிவிடும் பெரியவர்கள் உங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஈரம் அளக்கும் மீற்றர் ஒன்று வாங்குங்கள். மாரியில் மனிதருக்குக் களைக்கும், மீற்றருக்குக் களைக்காது.

பூஞ்சணம் வேறு கதை. நீங்கள் கூரையைப் பார்க்கிறீர்கள், நீர் தரையிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். இன்றிரவே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மீற்றர் சதுரமான பொலித்தீனைச் சீமெந்துத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் ஒட்டும் நாடாவால் இறுக்கி ஒட்டிவிட்டுப் போய்ப் படுங்கள். காலையில் தூக்கிப் பார்க்கும்போது அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், அல்லது தரை அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தால், உங்கள் தரை நீரை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. வெறும் தரையில் பை வைக்கவே கூடாது. பெரும் வயல்காரர்களான போடியார் வீடுகளில் நெல்லை மண் தொடாமல் கட்டைகளின்மேல் உயர்த்தி வைத்தவர்கள் எங்கள் முன்னோர். அதே வேலையைத்தான் இன்று மரப் பலெட் செய்கிறது. அடியில் காற்று ஓடட்டும். சுவருக்கும் அடுக்குக்கும் இடையில் ஓர் ஆள் டோர்ச் வெளிச்சத்தோடு பக்கவாட்டில் நடக்கும் அளவு இடைவெளி விடுங்கள். எலியின் தடமும், கூரை ஒழுக்கும், கிழிந்த பையும் அந்த இடைவெளியில் நடந்தால்தான் தெரியும். மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரக் காற்றை நீங்களே உள்ளே அழைக்கிறீர்கள். வெயில் எறிக்கும் நேரம் பார்த்துத் திறவுங்கள்.

இன்னொன்று. உங்கள் களஞ்சியத்துக்கு ஒரே வாசல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பின்னால் இருக்கும் பை கடைசிவரை பின்னாலேயே இருக்கும். மூடை தூக்கும் நாட்டாமைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐம்பது பை ஏற்ற வேண்டிய மனிதர் முன்னால் இருப்பதைத்தான் தூக்குவார். பின்சுவரில் இன்னொரு வாசல் வெட்ட முடிந்தால் வெட்டுங்கள்: ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம். முடியாவிட்டால் வாசலிலிருந்து உள்ளே போகும் நீள வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையின் முகத்திலும் அடுக்கிய திகதியைப் பெரிதாக எழுதித் தொங்கவிடுங்கள். ஒரு வரிசை முழுதாக முடிந்த பிறகே அடுத்ததில் கை வைக்க வேண்டும். இதற்கு எப்போதும் ஒரு வரிசை வெறுமையாக இருக்க வேண்டும். இடம் வீணாகிறது என்று மனம் பதறும். பதறட்டும், விடுங்கள்.

புகையூட்டும் குளிசைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அலுமினியம் பொஸ்பைட் குளிசையிலிருந்து வரும் பொஸ்பீன் வாயு மனிதரையும் கொல்லும். பயிற்சி பெற்றவர்களை அழைத்துத்தான் செய்ய வேண்டும். ஆலையோடு ஒட்டி வீடு இருந்தால் அந்த எண்ணத்தையே விடுங்கள். பிள்ளைகள் தூங்கும் சுவருக்கு மறுபக்கம் அது வேண்டாம்.

கேள்வி (அக்கரைப்பற்றிலிருந்து ஒரு கடைக்காரர்): பார்கோட் ஸ்கானரும் மென்பொருளும் வாங்கச் சொல்கிறார்கள். எங்களிடம் இருநூறு வகைப் பொருட்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அடுத்த வருடம். 1974 ஜூன் 26ஆம் திகதி அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ட்ரோய் என்ற ஊரில் ஒரு சுவிங்கம் பக்கெட்டை ஸ்கான் செய்தார்கள். இன்று நாம் காணும் வகைப் பார்கோட் வைத்துக் கடையில் விற்ற முதல் பொருள் அதுதான். அதன் பிறகு உலகத்தையே மாற்றிய கருவி அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பக்கெட்டின் பின்னால் உள்ள 13 இலக்கங்கள் எந்த நிறுவனம், எந்தப் பொருள் என்பதை மட்டுமே சொல்லும். 479 என்று தொடங்கினால் அந்த எண் இலங்கையில் பதிவு செய்யப்பட்டது என்று பொருள். இங்கேதான் உற்பத்தியானது என்பதற்கு அது சான்றல்ல. காலாவதித் திகதி அந்தக் கோடுகளுக்குள் இல்லை. நாளை காலாவதியாகும் யோகட்டும் இன்று காலை வந்த யோகட்டும் ஸ்கானருக்கு ஒன்றுதான். முதலில் காலாவதியாவதை முன்னால் வைக்கும் பழக்கத்தை எந்தக் கருவியும் உங்களுக்காகச் செய்துவிடாது. மூன்று மாதம் அட்டை எழுதிப் பாருங்கள். எழுத்தும் எண்ணிக்கையும் பொருந்தி வரத் தொடங்கினால் கணினி உங்களுக்கு வரம். பொருந்தாத கணக்கைக் கணினியில் ஏற்றினால் தவறு வேகமாக ஓடும், அவ்வளவுதான்.

கேள்வி (வாழைச்சேனையிலிருந்து ஒரு வாசகி): எங்கள் கடையில் யூரியா, பூச்சிமருந்து, அரிசிமா எல்லாம் ஒரே அறையில். லெபனானில் வெடித்ததுபோல் யூரியா வெடிக்குமா என்று கணவரிடம் கேட்டால் சிரிக்கிறார்.

பதில்: சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை, மகள். 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூட் துறைமுகக் களஞ்சியத்தில் வெடித்தது அமோனியம் நைத்திரேற்று. அங்கே சுமார் 2,750 தொன் வைக்கப்பட்டிருந்தது. யூரியா வேறு பொருள், அது அப்படி வெடிக்காது. ஆனால் அங்கேயும் ஆபத்தான பொருள் ஒன்று வருடக்கணக்காக ஒரே இடத்தில் கிடந்தது. எடுக்க வேண்டும் என்று பலருக்குத் தெரிந்திருந்தும் யாரும் எடுக்கவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் அறையில் எனக்கு யூரியாவைவிடப் பூச்சிமருந்துதான் பயம். ஒரு போத்தல் கசிந்து மாப் பையில் இறங்கினால் அந்த மா எந்த வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. மா இன்றைக்கே அந்த அறையை விட்டு வெளியேற வேண்டும். பூச்சிமருந்தைப் பூட்டுள்ள அலுமாரியில், கீழ்த்தட்டில், தட்டம் ஒன்றின்மேல் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் கசிவது எல்லாவற்றின் மீதும் இறங்கும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கல்லாகிவிடும். திறந்த மூடையை அன்றே இறுக்கிக் கட்டுங்கள்.

கேள்வி (நாவிதன்வெளியிலிருந்து ஒரு கடைக்காரர்): மாரி வந்தால் பாதை மூடுகிறது, சாமான் முடிகிறது. பயத்தில் கூடுதலாக வாங்கினால் மா பழுதாகிறது. எவ்வளவு வாங்குவது என்று ஒரு கணக்கு உண்டா?

பதில்: உண்டு, எளிய கணக்குத்தான். உங்களுக்குக் கோதுமை மா நாளைக்கு 5 மூடை போகிறது என்றும், கேட்ட நாளிலிருந்து வந்து சேர 4 நாள் ஆகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து நான்கு இருபது. இது காத்திருக்கும் நாட்களுக்கான மா. கோடையில் லொறி இரண்டு நாள் பிந்தலாம் என்று இன்னும் 10 சேர்த்தால் 30. கையிருப்பு 30 மூடைக்கு இறங்கியதும் அடுத்ததுக்குச் சொல்லிவிட வேண்டும். ஒக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை அந்த இரண்டு நாளை ஐந்து நாளாக எடுங்கள்: 20உம் 25உம் 45. அட்டையின் தலைப்பில் இந்த எண்ணைச் சிவப்பில் எழுதிவிடுங்கள், மாரிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. ஒரு நாளுக்கு எத்தனை போகிறது என்பது மாறினால் எண்ணையும் மாற்றுங்கள். பயத்தில் வாங்குவதை இந்தச் சிவப்பு எண் நிறுத்தும்.

ஐந்து நாள் என்று நான் சும்மா சொல்லவில்லை. மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் கொழும்பு லொறி நிற்கும். அது வந்து சேர்ந்தாலும் உங்களுக்கு முன்னால், வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த பாதையான கிட்டங்கித் தாம்போதி இருக்கிறது. அந்தப் பெயரை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு ஒரு நெருக்கம். கிட்டங்கி என்றால் சரக்கு வைக்கும் இடம். களஞ்சியத்தின் பெயரைக் கொண்ட இடத்தில் வெள்ளம் பாய்ந்து கடைக்காரரைத் தடுக்கிறதே என்று கவலையும் வரும்.

மழைக்கு முன்னால் அடுக்கையும் ஒரு முறை மாற்றுங்கள். பாரமானது கீழே, இலேசானது மேலே என்பது பொது விதி. அடிக்கடி கேட்கப்படுவது வாசலுக்கு அருகில், இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில். மாரியில் இதற்கு மேல் இன்னொரு விதி வரும்: நனைந்தால் கழுவி விற்கக்கூடியது கீழே. போத்தல் எண்ணெய், பிளாஸ்டிக் வாளி, தகரப் பேணி அடித்தட்டில் இருக்கட்டும். மா, சீனி, உப்பு, தீப்பெட்டி மேலே ஏறட்டும். மூடை தூக்க இரண்டு பேர் வேண்டும்தான், அந்த மூன்று மாதத்துக்கு அந்தச் சிரமத்தைப் பாருங்கள்.

1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பை அடித்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அப்பா வேலை பார்த்த கடையின் கூரைத் தகரம் முழுதும் போயிருந்தது. மறுநாள் அவரோடு போனேன். சீனி மூடைகள் இருந்த இடத்தில் சாக்குகள் மட்டும் தட்டையாக ஒட்டிக் கிடந்தன. கால் வைத்த இடமெல்லாம் பிசுபிசுத்தது. அப்பா ஒவ்வொரு சாக்காகத் தூக்கி உதறி, மடித்து, எத்தனை என்று எண்ணி எழுதினார். இல்லாத சீனிக்கு ஏன் அப்பா கணக்கு என்று கேட்டேன். எத்தனை போனது என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டுமே என்றார். 2011 ஜனவரி வெள்ளத்தில் என் களஞ்சியத்துக்குள் முழங்கால் அளவு நீர் நின்றபோது நானும் அதையே செய்தேன்.

கேள்வி (களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு களஞ்சிய உதவியாளர்): அக்கா, நான் ஒரு விநியோகக் கடையில் வேலை செய்கிறேன். மாத முடிவில் எது குறைந்தாலும் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சாவி இரண்டு, ஒன்று என்னிடம், மற்றது யாரிடம் என்றே தெரியாது. நான் எதையும் எடுத்ததில்லை. வேலையை விடவும் முடியாது.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை நான் மற்றவற்றிலிருந்து தனியாக எடுத்து வைத்தேன். ஏன் என்பது முதல் பதிலைப் படித்தால் தெரியும்.

நாளைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் சாவி. காலையில் எத்தனை மணிக்குத் திறந்தீர்கள், மாலையில் எத்தனை மணிக்குப் பூட்டி யாரிடம் கொடுத்தீர்கள், அவருடைய ஒப்பம். இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதலாளியிடம் மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். அவர் எழுதித் தராவிட்டாலும் நீங்கள் கேட்ட திகதி உங்கள் கொப்பியில் இருக்கும். இறங்கும் ஒவ்வொரு சரக்குக்கும் சிட்டை இலக்கம், எத்தனை பெட்டி, பெட்டிக்குள் எத்தனை. இந்தக் கடைசி எண்ணை ஒருநாளும் விடாதீர்கள். பெட்டியைத் திறந்து எண்ண முடியாவிட்டாலும் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து எழுதுங்கள்.

மாத முடிவில் மற்றவர்கள் எண்ணி உங்களிடம் சொல்வதை ஏற்காதீர்கள். நானும் உடன் நின்று எண்ணுகிறேன், இரண்டு பேரும் தாளில் ஒப்பமிடுவோம் என்று கேளுங்கள். குறைந்தது என்று சொன்னால் எந்தப் பொருள், எத்தனை, எந்தத் திகதியிலிருந்து என்று கேளுங்கள். மொத்தமாக இத்தனை ரூபாய் குறைவு என்பது ஒரு கணக்கே அல்ல. பணம் பிடித்தால் எதற்காக என்று சம்பளச் சிட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போகலாம். போகும்போது அந்தக் கொப்பியை மறக்காமல் எடுத்துப் போங்கள். வாய்ப்பேச்சைவிட அங்கே அதுதான் பேசும்.

அதற்கு முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம். இந்தப் பக்கத்தை வெட்டி முதலாளியின் மேசையில் வையுங்கள். அவர் கோபித்தால், எழுதியவளிடமே பேசச் சொல்லுங்கள். ஆசிரியரிடம் கேட்டால் என் முகவரியைக் கொடுப்பார். கடைசி ஆறு மாதச் சிட்டைகளையும் பேரேட்டையும் கொண்டுவந்தால் போதும். என் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து நானும் அவரும் நீங்களும் ஒரு பகல் முழுக்க, ஒவ்வொரு சிட்டையாக, பெட்டிக்கு எத்தனை என்று பார்ப்போம். தேநீர் நான் ஊற்றுகிறேன்.